நாங்கள் காணுறதை நாங்களே எழுதி வைப்பம்: முல்லைத்தீவு, மன்னார் பக்கம் டைவ் பண்ணுறாக்கள் கொஞ்சம் வாங்கோ

அலம்பில்கரை (இழை தொடங்கினவர்)

வணக்கம் எல்லாருக்கும். எங்கட பக்கத்துப் பெடியள் பெட்டையள் கொஞ்சப்பேர் இப்ப நிலாவெளிப் பக்கம் போய் ஓப்பன் வாட்டர் கோர்ஸ் (தொடக்க நிலை டைவிங் பயிற்சி) முடிச்சுப்போட்டு வந்திருக்கினம், வெளிநாட்டில இருந்து லீவுக்கு வாறாக்களும் சொந்தக் கியரோட வருகினம், வாடை முடிஞ்சு கடல் அடங்கினாப் பிறகு சனி ஞாயிறில ஃபைபர் வள்ளம் ஒண்டைப் பிடிச்சுக்கொண்டு போய் இறங்கினம். நல்ல விசயம், எனக்குச் சந்தோசம். ஆனா இறங்கி என்ன செய்யிறம்? படம் எடுக்கிறம், ஃபேஸ்புக்கில போடுறம், நூறு லைக் வருது, முடிஞ்சுது.

அந்தப் படத்தில எந்தப் பார் (கடலடிக் கல்திட்டு), எத்தினை மீற்றர், எந்த மாசம், அந்த மீன் ஒண்டு நிண்டதோ அம்பது நிண்டதோ ஒண்டும் இல்லை. பத்து வருசம் கழிச்சு ஒருத்தர் வந்து "உங்கட பாரில முந்திக் கலவாய் நிண்டதோ" எண்டு கேட்டா அந்தப் படத்தை வைச்சு ஒரு பதிலும் சொல்லேலாது.

1998ல கடல் சூடாகி முருகைக்கல் (பவளப்பாறை) வெளிறினதை யோசிச்சுப் பாருங்கோ. ஹிக்கடுவையில, கற்பிட்டிப் பக்கம் பார் றீஃபில எவ்வளவு செத்தது எண்டு எழுத்தில கிடக்கு, ஏனெண்டா அதுக்கு முன்னமே ஆக்கள் இறங்கி அளந்து வைச்சவை. அந்த நேரம் எங்கட கரையில ஒருத்தர் ரேப் (அளவு நாடா) பிடிச்சு அளக்கிற நிலைமையே இல்லை. 2016ல திரும்ப வெளிறிச்சுது. 2024 ஏப்ரலில உலகம் முழுக்க நாலாவது தரம் வெளிறல் எண்டு அறிவிச்சினம். ஒவ்வொரு முறையும் எங்கட கரை வெத்துத் தாளாத்தான் கிடக்கு.

நான் கேக்கிறது பெரிய விசயம் இல்லை. ஒரு பாரைப் பிடிப்பம். அதே பார், அதே ஆழம், அதே காலம், அதே மாதிரி எண்ணுறது, வருசா வருசம். கண்டதையும் எழுதோணும், தேடிக் காணாததையும் எழுதோணும். கலவாய் 0 எண்டு எழுதின ஒரு தாள் என்ர மனசில நூறு வடிவான படத்துக்கு மேல.

ஆர் வாறீங்கள்?

ஈஸ்ற்ஹாம் சுழியோடி

நல்ல வேலை தம்பி. நான் லண்டனில இருக்கிறன், சொந்த ஊர் தண்ணீரூற்று. இங்க சீசேர்ச் எண்டு ஒரு திட்டம் இருக்கு, எண்பதுகளில இருந்து நடக்குது, முழுக்க முழுக்க என்னைப்போலப் பொழுதுபோக்குக்கு டைவ் பண்ணுறாக்கள்தான். ரெண்டு பக்கப் படிவம் ஒண்டு, அடியில மணலோ கல்லோ சேறோ, என்ன உயிர் எவ்வளவு, அவ்வளவுதான். அந்தத் தாள்களை வைச்சுத்தான் இங்க சில கடற்பகுதியளைப் பாதுகாப்பு வலயமா ஆக்கினவை. முதல்ல நானும் நம்பேல்லை, குளிர்த்தண்ணிக்குள்ள பென்சில் பிடிச்சு நாங்க எழுதுறதை ஆர் பாக்கப்போகினம் எண்டு நினைச்சனான்.

அமெரிக்காவில ரீஃப் எண்டு ஒரு அமைப்பு, 1993ல இருந்து சுழியோடியளைக் கொண்டு மீன் எண்ணுறாங்கள். எல்லாத்தையும் ஒண்டொண்டா எண்ணத் தேவையில்லை. ஒண்டு கண்டா ஒண்டு, 2 தொடக்கம் 10 வரை சிலது, 11 தொடக்கம் 100 வரை கனக்க, 100க்கு மேல எக்கச்சக்கம். நாலே நாலு பெட்டி. புதுசா இறங்கிறவனுக்கும் பிழைக்காது. அத்திலாந்திக் பக்கம் இந்தோ பசிபிக் சிங்கமீன் வந்து பரவினதை இடம் இடமாப் பிடிச்சதில இந்தச் சுழியோடியளின்ர பதிவுக்குப் பெரிய பங்கு இருக்கு.

அலம்பில்கரை

அண்ணை இதைத்தான் தேடினனான். நாலு பெட்டி எண்டா எங்கட பெடியளுக்கு ஒரு பின்னேரத்தில சொல்லிக்குடுக்கலாம்.

குளிகாரன்

எல்லாரும் வடிவாக் கதைக்கிறியள், நான் கொஞ்சம் காரமாச் சொல்லுறன், கோவிக்காதேங்கோ.

நான் சங்கும் கடலட்டையும் குளிக்கிறவன், சுழியோடி எடுக்கிறதைத்தான் நாங்கள் குளிக்கிறது எண்டுறது. ஃபிஷறீஸ் லைசன்ஸ் எடுத்துத்தான் குளிக்கிறன். நீங்கள் சனி ஞாயிறு இறங்கிற பாரில நாங்கள் கிழமை முழுக்க நிக்கிறம். போன சீசனில வெளியில இருந்து வந்த ஒரு ரீம் எங்கட பக்கத்துப் பாரில அட்டை கிடக்கிறதைப் படம் எடுத்து ஜிபிஎஸ் பொயின்ரோட பேஸ்புக்கில போட்டவை. பிறகு என்ன, வேற மாவட்டத்து வள்ளங்கள் வரிசையா வந்து இரவிலயும் ரோச் அடிச்சுக் குளிச்சுக் கழுவித் துடைச்சுப்போட்டுப் போயிட்டாங்கள். போட்டவைக்கு லைக். எங்களுக்கு வெறும் மணல்.

அதாலதான் கேக்கிறன். நீங்கள் எழுதுற தாள் ஆரிட்டப் போகும்? நாளைக்கு அதை வைச்சு ஒருத்தன் வந்து இந்தப் பாரில நீங்கள் குளிக்கக்கூடாது எண்டு எங்களை மட்டும் மறிச்சா என்ன செய்யிறது? கடற்றொழிலாளர் சங்கத்தில ஒரு சொல் கேக்காம இதைத் தொடங்கினா நானே எதிர்ப்பன்.

அலம்பில்கரை

குளிகாரன் அண்ணை, கோவம் ஒண்டும் இல்லை. இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமத் தொடங்கவே கூடாது எண்டுதான் நானும் நினைக்கிறன்.

நான் நினைக்கிறது இப்பிடி. இடத்தின்ர ஜிபிஎஸ் ஒரு கொப்பியில மட்டும் இருக்கும், அந்தக் கொப்பி கடற்றொழிலாளர் சங்கத்தில இருக்கும். வெளியில போற தாளில "அலம்பிலுக்கும் செம்மலைக்கும் இடைப்பட்ட பார், 8 மீற்றர்" எண்ட அளவுக்குத்தான் எழுதுறது. அட்டை, சங்கு, சிங்கி றால், கடற்குதிரை இந்த நாலும் எத்தினை எண்டதை ஒருத்தரும் எந்தப் பொதுப்பக்கத்திலயும் போடக்கூடாது. ஃபோன் கமராவில எடுத்த படத்தில இடம் தானாப் பதிஞ்சு கிடக்கும், அதை அழிச்சுப்போட்டுத்தான் அனுப்போணும். கனபேருக்கு அது பதியிறதே தெரியாது.

ஒவ்வொரு சீசன் முடிவிலயும் தாளை முதல்ல சங்கத்தில வாசிச்சுக் காட்டுறது. அதுக்குப் பிறகுதான் கம்பஸுக்கோ (பல்கலைக்கழகம்) நாறாவுக்கோ (அரசாங்கத்தின்ர நீரியல்வள ஆராய்ச்சி நிறுவனம்) குடுக்கிறது. குடுக்கிறதோ இல்லையோ எண்டதும் சங்கம் சொல்லட்டும்.

உயிரியல் ரீச்சர்

முள்ளியவளையில இருந்து. எனக்கு டைவிங் தெரியாது, கண்ணாடியும் ஸ்நோர்க்கலும் மட்டும்தான், ஆனா இந்தக் கதை எனக்கு மிக முக்கியம்.

பெயர்ப் பிரச்சினையை முதல்ல தீருங்கோ பிள்ளையள். நீங்கள் கோர்ஸில படிச்சது எல்லாம் இங்கிலிஷ் பேர். வள்ளக்காரர் சொல்லுறது கலவாய், விளை, ஓரா, கிளிமீன், பாரை, சீலா. தாளில தமிழ்ப் பேரை முதல்ல போட்டு அதுக்கு நேர விஞ்ஞானப் பேரை நான் எழுதித்தாறன். அப்பதான் சங்கத்தில வாசிக்கேக்க ஐயாமார் "இது பிழை, இந்த மாசம் அந்த மீன் அங்க நிக்காது" எண்டு திருத்துவினம். அந்தத் திருத்தம்தான் பெரிய சொத்து.

நீளப் பட்டியல் வேண்டாம். றீஃப் செக் எண்டு 1997ல இருந்து உலகம் முழுக்க நடக்கிற கணக்கெடுப்பு இருக்குதுதானே, அவையும் எல்லா மீனையும் எண்ணேல்லை. எதை எண்ணினா பாரின்ர நிலைமை தெரியுமோ அதைத்தான் எண்ணினம். பெரிய கலவாய் குறைஞ்சா மீன்பிடி அழுத்தம். கிளிமீன் குறைஞ்சா முருகைக்கல்லை மூடுற பாசியை மேய ஆள் இல்லை. வண்ணத்திமீனில கனவகை உயிருள்ள முருகைக்கல்லையே கொறிக்கிறது, கல் செத்தா அதுகளும் போயிடும். முள்ளு நட்சத்திரமீன் கூடினா கல்லைத் தின்னுது எண்டு அர்த்தம். பட்டியலில பத்துப் பன்னிரண்டு உயிரின்ர பேர் இருந்தாக் காணும்.

இன்னொண்டு. வெள்ளையாக் கிடக்கிற முருகைக்கல் எல்லாம் செத்தது இல்லை. அதுக்குள்ள குடியிருக்கிற நுண்பாசி சூட்டில வெளியேறினாத்தான் வெள்ளை தெரியுது, தசை இன்னும் உயிரோட இருக்கும், சூடு கெதியாத் தணிஞ்சாத் திரும்பவும் நிறம் வரும். செத்தது எண்டா மேல பாசி படர்ந்து மங்கின பச்சை, மண்ணிறமாக் கிடக்கும். இந்த வித்தியாசம் தெரியாம "எல்லாம் செத்துப்போச்சு" எண்டு போட்டா அது பொய்ச் செய்தி.

சிலாவத்துறையான்

நான் மன்னார்க் கரைக்காரன், எங்கட பக்கத்தையும் சேருங்கோ. ஒரு விசயம் சொல்லோணும்.

நீங்கள் இதைப் புதுசு எண்டு நினைக்கிறியள். எங்கட கரையில இது நூற்றாண்டுக் கணக்கா நடந்த வேலை. முத்துக்குளிப்பு நினைச்ச நினைச்ச வருசம் நடக்கேல்லை. முதல்ல பார் பாக்க உத்தியோகத்தர் வள்ளத்தோட போவினம், குளியாளியளை இடம் இடமா இறக்குவினம், ஒவ்வொரு இடத்திலயும் எத்தினை சிப்பி, என்ன வயசு, குஞ்சோ முத்தினதோ எண்டு எழுதுவினம். மாதிரிக்கு எடுத்த சிப்பியை உடைச்சு முத்தை மதிச்சு, பிறகுதான் இந்த வருசம் குளிப்பு எண்டு அறிவிக்கிறது. பல வருசம் சிப்பி இல்லை எண்டே எழுதியிருக்கு. சேவல் பார், மோதரகம் பார், முத்துவரத்துப் பார், பெரிய பார் எண்டு எங்கட ஆக்கள் வைச்ச பேரோடயே அந்தப் பதிவு எல்லாம் இருக்கு.

1902ல ஹேர்ட்மன் எண்ட விஞ்ஞானி வந்து பார்களைப் பாத்து, 1903 தொடக்கம் 1906 வரைக்கும் அஞ்சு பாகத்தில அறிக்கை போட்டவர். பெரிய பாரில திரும்பத் திரும்பக் குஞ்சுச் சிப்பி வந்து விழும், ஆனா முத்திறதுக்கு முன்னமே இல்லாமப் போயிடும், குளிப்புக்கு வராது. அதாலதான் அங்கத்தைக் குஞ்சைக் கிளப்பி வேற பாதுகாப்பான பாருக்கு மாத்தலாம் எண்டு அவர் சொன்னவர். அந்தப் பார் அப்பிடித்தான் எண்டு எப்பிடித் தெரியும்? வருசா வருசம் குளியாளி இறங்கிப் பாத்து, இருந்ததையும் இல்லாததையும் எழுதினபடியாத்தான். ஒரு வருசம் மட்டும் போய்ப் பாத்திருந்தா "ஆகா நிறையக் குஞ்சு" எண்டு எழுதிப்போட்டு வந்திருப்பினம்.

1905ல பெரிய குளிப்பு. அதுக்குக் கொஞ்ச வருசத்தால எல்லாம் படுத்திட்டுது. இப்ப அரிப்பில இடிஞ்ச டொரிக் மாளிகைக்குக் கிட்ட நிண்டு கடலைப் பாத்தா அந்தப் பார்கள் எல்லாம் அங்கதான் கிடக்கு, 9 தொடக்கம் 18 மீற்றர் ஆழத்தில, ஓப்பன் வாட்டர் காரரே போகக்கூடிய ஆழம். போய்ப் பாத்து எழுத ஆள்தான் வேணும்.

ஒண்டை மறக்காதேங்கோ, உங்களுக்குக் கடல் அடங்கிற காலம் எங்களுக்குச் சோளகம் (தென்மேற்குக் காத்து) அடிக்கிற காலம். எங்கட பக்கம் ஐப்பசி கடந்து பங்குனி வரைக்கும்தான் சரி. அப்ப ரெண்டு கரைக்கும் ஒரே ரீம் மாறி மாறி வேலை செய்யலாம், ஒரே சிலிண்டர், ஒரே ரேப்.

அலம்பில்கரை

இதை வாசிச்சு எனக்கு மயிர் கூச்செறிஞ்சது. பார் பாக்கிற வேலை எங்கட வேலைதான். திரும்பத் தொடங்குறம், அவ்வளவுதான்.

மீன்வளக்_கம்பஸ்

யாழ் கம்பஸில ஃபிஷறீஸ் படிக்கிறன், ஊர் மாங்குளம். முறையைப் பற்றிக் கொஞ்சம் எழுதுறன் அண்ணா, நீளம் எண்டாப் பொறுத்துக்கொள்ளுங்கோ.

நாலு பெட்டி முறை நல்லது, ஆனா அதை மட்டும் வைச்சு ரெண்டு வருசத்தை ஒப்பிடக் கஸ்டம். அதோட ஒரு கோட்டையும் சேருங்கோ. றீஃப் செக்கில 100 மீற்றர் ரேப் ஒண்டைப் பார் நீளத்துக்கு ஒரே ஆழத்தில விரிப்பினம், அதில 20 மீற்றர்த் துண்டு நாலு, இடையில 5 மீற்றர் விட்டு. மீனுக்கு ரேப்பின்ர ரெண்டு பக்கமும் ரெண்டரை மீற்றர், அதுக்குள்ள வந்ததை மட்டும் எண்ணுறது. கலவாய் எண்டா 30 சென்ரிமீற்றருக்கு மேல, கிளிமீன் 20க்கு மேல. பிறகு திரும்பி வரேக்க ஒவ்வொரு அரை மீற்றருக்கும் ரேப்புக்கு நேர கீழ என்ன கிடக்கு எண்டு பாக்கிறது, உயிர் முருகைக்கல்லோ, அண்மையில செத்ததோ, பாறையோ, மணலோ, உடைஞ்ச துண்டோ. ஒரு துண்டுக்கு 40 புள்ளி, மொத்தம் 160. 160ல எத்தினை உயிர்க்கல் எண்டு வகுத்தா வீதம் வந்திடும். ஓ எல் கணக்குத்தான்.

ரேப் விரிச்ச உடன எண்ணாதேங்கோ. விரிக்கேக்க மீன் எல்லாம் கலையும், ஒரு கால் மணித்தியாலம் விட்டுட்டு மெதுவா வந்தாத்தான் பழையபடி நிக்கும்.

அடுத்தது அளவு. தண்ணிக்குள்ள மாஸ்க்குக்குள்ளால பாக்கேக்க எல்லாமே மூண்டில ஒரு பங்கு பெருசாத் தெரியும். 30 சென்ரிமீற்றர்க் கலவாய் 40 மாதிரித் தெரியும். அதாலதான் புதுசா எண்ணுறாக்களின்ர தாளில எப்பவும் பெரிய மீன். இதுக்கு ஒரு தடியில 10, 20, 30 எண்டு கறுப்புக் கோடு போட்டுக் கையில கொண்டு போங்கோ, தடியும் அதே அளவு பெருசாத் தெரியும், அப்ப ஒப்பீடு சரியா வரும். மீனுக்கும் தடிக்கும் தூரம் ஒண்டா இருக்கோணும்.

வெப்பநிலை டைவ் கொம்பியூட்டரில இருந்து எடுக்கிறது எண்டா இறங்கின உடன எழுதாதேங்கோ, உடம்புச்சூடும் வெயில்சூடும் அதில நிக்கும். அடியில பத்து நிமிசம் கழிச்சு எழுதுங்கோ, எப்பவும் ஒரே கொம்பியூட்டர். அதுவும் ஒரு பாகை முன்னப் பின்னக் காட்டும், அப்பிடி எண்டு தாளில எழுதி வையுங்கோ. முருகைக்கல் வெளிறுறதுக்கு வழமையான உச்ச மாதச் சூட்டுக்கு மேல ஒரு பாகை கூடிச் சில கிழமை நிண்டாலே காணும், அதால இந்தப் பிழை சின்னப் பிழை இல்லை.

கடைசியா, ரெண்டு பேர் ஒரே துண்டைத் தனித்தனியா எண்ணி, மேல வந்து கதைக்க முன்னம் தாளைக் கமராவில எடுத்து வையுங்கோ. கதைச்சாப் பிறகு ரெண்டு பேரின்ர கணக்கும் ஒண்டாகிடும்.

ஈஸ்ற்ஹாம் சுழியோடி

தங்கச்சி சொன்ன கடைசி வரி பொன் வரி. இங்கயும் அதுதான் நடக்கிறது, வள்ளத்தில ஏறின உடன "நீ எத்தினை கண்டனி" எண்டு கேட்டுப்போட்டுத்தான் எழுதுவாங்கள்.

வட்டுவாகல்

நான் டைவ் பண்ணுறதில்லை, வலைத்தொழில். மனசில கிடக்கிறதைச் சொல்லுறன்.

இவ்வளவும் எழுதி என்ன பிரயோசனம்? அக்கரை றோலர் (இந்திய இழுவைப் படகு) இரவில வந்து அடியை இழுத்துக்கொண்டு போறான். இழுவைமடி தடை எண்டு 2017ல சட்டம் வந்தது, கடலுக்கு அது தெரியேல்லையே. இங்கயும் சுருக்கு வலை, வெளிச்சம் பாய்ச்சிப் பிடிக்கிறது, தங்கூசி (நைலோன் இழை) வலை எல்லாம் நடக்குது. நீங்கள் கலவாய் எண்ணுறியள், எங்கட வலை கிழிஞ்சு கிடக்கு. முதல்ல அதை நிப்பாட்டுற வழியைப் பாருங்கோ.

அலம்பில்கரை

அண்ணை நீங்கள் சொல்லுறதில ஒரு சொல்லும் பிழை இல்லை. ஆனா யோசிச்சுப் பாருங்கோ, றோலர் இழுத்தது எண்டு நீங்கள் ஒவ்வொரு கூட்டத்திலயும் சொல்லுறியள், கேக்கிறவன் என்ன சொல்லுறான்? "எவ்வளவு அழிவு, ஆதாரம் என்ன?" வலை கிழிஞ்சதுக்குப் படம் இருக்கு. அடி எப்பிடி இருந்தது, இப்ப எப்பிடி இருக்கு எண்டதுக்கு என்ன இருக்கு?

2021ல எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிஞ்சு தாண்டது. 1,680 தொன் பிளாஸ்ரிக் குறுணி கடலில கொட்டினது. 2025 ஜூலையில உயர் நீதிமன்றம் நூறு கோடி டொலர் நட்டஈடு எண்டு தீர்ப்புக் குடுத்தது. இப்பிடி வழக்குகளில முதல் கேள்வியே முந்தி என்ன இருந்தது எண்டதுதான். அதே 2025 மே கடைசியில கேரளாவுக்கு வெளியில எல்சா 3 கப்பல் தாண்டு, அதின்ர குறுணி மன்னார், யாழ்ப்பாணக் கரைக்கு வந்து ஒதுங்கிச்சுது. நாளைக்கு ஒரு கப்பல் எங்கட முல்லைத்தீவுக்கு நேர தாண்டா நாங்கள் எதைக் கொண்டு போய்க் காட்டுவம்? "முந்தி நல்லா மீன் நிண்டது ஐயா" எண்டு சொல்லவோ? தாள் வேணும் அண்ணை, திகதி போட்டு, ரெண்டு பேர் கையெழுத்து வைச்ச தாள்.

சிலாவத்துறையான்

குறுணி கையில எடுத்துப் பாத்தனான். பருப்பு அளவு, வெள்ளை, சாதாழைக்குள்ள (கடற்புல்) சிக்கிப்போய்க் கிடக்கு. பொறுக்கப் பொறுக்க முடியாது, விரலால கிண்டினா இன்னும் கீழ கிடக்கும்.

கரைக்கு வாற சாதாழையையும் எழுதலாம் எண்டு நினைக்கிறன். எங்கட பக்கம் அந்தப் புல்லை நம்பித்தான் ஆவுளியா (கடற்பசு) இருக்கு. அது மேய்ஞ்ச இடத்தில புல்லுக்கு நடுவால வெறும் மணல் தெரியிற மாதிரி வளைஞ்ச பாதை போகும். ஆவுளியாவைக் காண்கிறது அருமை, அந்தப் பாதையைக் காண்கிறது அவ்வளவு அருமை இல்லை. சுழியோடியள் அதைக் கண்டு அகலத்தை அளந்து எழுதினா அது பெரிய உதவி.

வட்டுவாகல்

சரி, விளங்குது. தாள் எண்டாச் சங்கத்துப் பேரில வரோணும்.

குளிகாரன்

அதுதான் நானும் கேக்கிறது. சங்கத்துப் பேரும் முத்திரையும் இருந்தா நான் எதிர்க்க மாட்டன்.

உயிரியல் ரீச்சர்

கிளிநொச்சி வலைப்பாட்டுப் பக்கம் வளக்கிற கப்பாபைக்கஸ் பாசியையும் பட்டியலில போடுங்கோ. இது வெளியில இருந்து கொண்டு வந்த இனம். அக்கரையில குருசடைத் தீவடியில இது தப்பிப்போய் முருகைக்கல்லை மூடினது எண்டு 2008ல இருந்து அறிக்கை இருக்கு. வளக்கிற குடும்பங்களுக்கு அது வருமானம், அதை நான் குறை சொல்லேல்லை. ஆனா கயிறு அறுந்து போன துண்டு கிட்டத்துப் பாரில பிடிச்சு வளருதோ எண்டு வருசத்தில ஒருக்கா ஆரும் இறங்கிப் பாக்கோணும். இல்லை எண்டு எழுதினாலும் அது நல்ல செய்தி.

நெடுங்கேணி_சுழியோடி

நானும் வாறன். ஆமைப் படம் எடுக்கிறதும் உதவுமோ? என்னட்டக் கன படம் இருக்கு, எல்லாம் பின்னால துரத்திக்கொண்டு எடுத்தது.

மீன்வளக்_கம்பஸ்

துரத்தினா ஆமை மூச்சு எடுக்கப் போகவேண்டிய நேரத்தில ஓடிக் களைச்சிடும், தயவு செய்து வேண்டாம். பக்கவாட்டில தூர நிண்டு முகத்தை எடுங்கோ. கண்ணுக்குப் பின்னால கன்னத்தில இருக்கிற செதில் அடுக்கு ஒவ்வொரு ஆமைக்கும் வேற வேற, இடப் பக்கமும் வலப் பக்கமும் கூட வேற. இடக் கன்னம் ஒண்டு, வலக் கன்னம் ஒண்டு தெளிவா இருந்தா அடுத்த வருசம் அதே ஆமை திரும்பி வந்ததோ எண்டு சொல்லலாம், பிடிக்கவும் வேண்டாம் தகடு அடிக்கவும் வேண்டாம். முதுகுப் படம் இதுக்கு உதவாது.

நெடுங்கேணி_சுழியோடி

விளங்கிச்சுது. பழைய படங்களில ரெண்டு மூண்டில கன்னம் தெரியுது, அனுப்புறன்.

குளிகாரன்

இப்ப நீங்கள் கேக்காமலே நான் ஒண்டு சொல்லுறன், இதைக் கட்டாயம் கேளுங்கோ.

என்னோட குளிச்ச பெடியளில நடக்க ஏலாமல் இருக்கிறவன் இருக்கிறான். ஒரு நாளில மூண்டு நாலு ராங்க் (காத்துச் சிலிண்டர்) அடிச்சு, ஆழத்தில இருந்து விறுவிறெண்டு மேல வந்து, இரத்தத்தில நைட்ரஜன் குமிழ் கட்டி முள்ளந்தண்டில அடிச்சது. எங்களுக்கு அதுதான் சோறு, வேற வழியில்லை. நீங்கள் எழுதுறதுக்கு இறங்கிறியள். எழுதிக்கொண்டிருக்கேக்க ஆளுக்கு ஆழமும் காத்தும் மறந்து போகும், தலையைக் குனிஞ்சு தாளையே பாப்பான். முல்லைத்தீவில சேம்பர் (ஆளை அமுக்கக் காத்தில வைச்சு அந்தக் குமிழைக் கரைக்கிற அறை) இல்லை, ஏதும் நடந்தாத் திருகோணமலைக்குத்தான் ஓடோணும், ரோட்டால எவ்வளவு நேரம் எண்டு எல்லாருக்கும் தெரியும்.

அதால எழுதுறவன் ஒருத்தன், அவன்ர காத்தைப் பாக்கிறவன் இன்னொருத்தன். பாக்கிறவன் ஒண்டும் எழுதக்கூடாது. ஆழம் 12க்கு மேல வேண்டாம். வள்ளத்தில ஒக்சிசன் போத்தல் இல்லாட்டி வள்ளம் வெளிக்கிடாது. நான் வள்ளம் தாறன் எண்டா இதுதான் நிபந்தனை.

அலம்பில்கரை

அண்ணை வள்ளம் தாறன் எண்டு சொல்லிப்போட்டியள், அதுவே காணும். நிபந்தனை எல்லாம் அப்பிடியே எழுத்தில போடுறன், அதில ஒண்டும் குறைக்க மாட்டம். றீஃப் செக்கின்ர ஆழமும் 2 தொடக்கம் 12 மீற்றர்தான், அதால உங்கட 12 எங்களுக்கு ஒரு தடையும் இல்லை.

இன்னும் ஒரு நிபந்தனை என்ர பக்கத்தில இருந்து. தண்ணிக்குள்ள மேலயும் கீழயும் போகாம ஒரே மட்டத்தில நிக்கத் தெரியாத ஆள் கோட்டுக்குக் கிட்ட வரக்கூடாது. கையில தாளோட நிக்கேக்கத்தான் ஆக்கள் கால் துடுப்பால முருகைக்கல்லை உடைக்கிறது. முருகைக்கல்லும் ஆமையும் தாவர விலங்கினப் பாதுகாப்புச் சட்டத்துக்குள்ள வருது, ஒரு துண்டைக்கூட மேல கொண்டு வரேலாது. மணலில ஒரு ராங்க் முழுக்க அடியில இருந்து அரை மீற்றர் உயரத்தில அசையாம நிண்டு எழுதிக் காட்டினாப் பிறகுதான் பாருக்குக் கூட்டிக்கொண்டு போறது.

உயிரியல் ரீச்சர்

என்ர ஏ எல் பிள்ளையளுக்கு டைவிங் வேண்டாம், ஆனா நாயாற்று வாயிலயும் கொக்கிளாய் ஓரத்திலயும் இடுப்பளவு தண்ணியில கண்ணாடியோட புல்லு எண்ணலாம், ஒரு அரை மீற்றர்ச் சதுரச் சட்டம் போதும். கொக்கிளாய் 1951ல இருந்து சரணாலயம், அங்க அனுமதி எடுக்கிற கடிதத்தை நான் எழுதுறன்.

வட்டுவாகல்

ரீச்சர், முகத்துவாரம் வெட்டி விட்ட கிழமையில போகாதேங்கோ, நந்திக்கடலிலயும் நாயாற்றிலயும் தண்ணி கலங்கி ஒண்டும் தெரியாது, இழுப்பும் கூட. வெட்டின திகதியையும் தாளில எழுதி வையுங்கோ, பிறகு மீன் குறைஞ்சு தெரிஞ்சா அதாலயோ எண்டு பாக்கலாம்.

மீன்வளக்_கம்பஸ்

அண்ணை இது மிகப் பெரிய விசயம். கலங்கல், காத்து, நீரோட்டம், முகத்துவாரம் திறந்ததோ மூடினதோ, நாலுக்கும் தாளின்ர மேல் மூலையில பெட்டி போடுறன். தண்ணி கலங்கலா இருந்து அஞ்சு மீற்றர்கூடத் தெரியாட்டி அண்டைக்கு மீன் எண்ண வேண்டாம், இல்லாட்டி அந்த 0 பொய் 0 ஆகிடும்.

அலம்பில்கரை

சரி. அப்ப இப்பிடி. வாற கிழமை நான் சங்கத்தில நேரம் கேக்கிறன், குளிகாரன் அண்ணையும் வட்டுவாகல் அண்ணையும் வந்து ஒரு சொல் சொல்லோணும். வைகாசியில வாற வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் முடிய ஊரில ஆக்கள் நிப்பினம், வெளிநாட்டில இருந்தும் வந்திருப்பினம், கடலும் அடங்கியிருக்கும், அந்தக் கிழமையில முதல் கோடு போடுறம். நேவிக்கு அறிவிக்கிறது என்ர பொறுப்பு. தாள் கம்பஸ் தங்கச்சியும் ரீச்சரும். ஐப்பசியில அதே ரேப்பைக் கொண்டு சிலாவத்துறைக்கு வாறம்.

ஈஸ்ற்ஹாம் சுழியோடி

100 மீற்றர் ஃபைபர் ரேப் ரெண்டும், முருகைக்கல் நிறம் பாக்கிற கோரல்வோச் அட்டையும் நான் கொண்டு வாறன். குயின்ஸ்லாந்து யூனிவேர்சிற்றி 2002ல தொடங்கினது, கல்லுக்குப் பக்கத்தில அட்டையைப் பிடிச்சு மிக வெளிறின நிறத்துக்கும் மிக அடர்ந்த நிறத்துக்கும் 1 தொடக்கம் 6 வரை எண் குடுக்கிறது. கண்ணால "கொஞ்சம் வெளிறியிருக்கு" எண்டு எழுதுறதிலும் இது திறம்.

நெடுங்கேணி_சுழியோடி

எழுதுறது எதில? வோட்டர் புரூஃப் தாள் கொழும்பிலதான் எடுக்கலாம் போல.

குளிகாரன்

தாள் தேவையில்லை தம்பி. ரெண்டரை இஞ்சி வெள்ளைப் பிவிசி குழாயை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, வெளிப்பக்கத்தை மட்டத்தாளால நல்லா உரஞ்சு, முழங்கைக்குக் கீழ கையில மாட்டுங்கோ. சாதாரணப் பென்சில் அதில எழுதும், தண்ணியில அழியாது, கையைத் திருப்பித் திருப்பி நாலு பக்கமும் எழுதலாம், ஒரு கை எப்பவும் சும்மா இருக்கும். மேல வந்து படம் எடுத்துப்போட்டு மட்டத்தாளால திரும்ப உரஞ்சினாப் புதுசு. பென்சிலின்ர ரெண்டு முனையையும் கூராக்கி நடுவில தங்கூசியால கட்டுங்கோ, ஒரு முனை உடைஞ்சா மற்றது இருக்கும். என்னட்டக் குழாய்த்துண்டு கிடக்கு, எத்தினை பேர் எண்டு சொல்லுங்கோ, வெட்டி வைக்கிறன்.

அலம்பில்கரை

இப்போதைக்கு ஆறு பேர் அண்ணை. எழுதுறாக்களுக்கு மட்டும் வெட்டினாக் காணும், அப்ப மூண்டு. சங்கத்துக் கொப்பி நான் வாங்குறன்.